மலையே இல்லாத ஊர்ல இருந்து மலை ஓட்டம்: டெல்டாக்காரங்களுக்கு அல்ட்ரா ட்ரெயினிங் முழு வழிகாட்டி

தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, மாயவரம் பக்கம் ஓடுற பசங்க அல்ட்ரா பத்தி, அதாவது மாரத்தானுக்கும் மேல தூரமா ஓடுற ரேஸ் பத்தி, கேக்க வந்தா மொதல்ல சொல்றது ஒண்ணே ஒண்ணுதான். "நம்ம ஊர்ல ஏறுறதுக்கு என்னண்ணே இருக்கு, சுவாமிமலையே கட்டுமலை, மொத்தமே 60 படி." அந்த 60 படியும் தமிழ் வருஷம் 60க்குன்னு கட்டுனது, அதுல போய் ட்ரெயினிங் பண்றேன்னு மேலயும் கீழயும் ஓடுனா அர்ச்சகர் விரட்டுவாரு, அதுவும் நியாயம்தான்.

ஆனா அல்ட்ரா உங்ககிட்ட கேக்குறது என்னன்னு வரிசையா பாருங்க. நிறைய மணி நேரம் கால்ல நிக்கணும், ஓடிக்கிட்டே சாப்பிடணும், வெயில தாங்கணும், பாதத்த காப்பாத்தணும், அப்பறம்தான் மேடு ஏறணும், கடைசியா இறங்கணும். மொத நாலும் நம்ம ஊர்ல தேவைக்கு மேலயே கிடைக்கும். ஏத்தத்த பாதி இங்கயே சமாளிக்கலாம். இறக்கம் ஒண்ணுதான் டெல்டாவுல சுத்தமா கிடையாது, அத மட்டும் வெளியூர் போய் வாங்கிட்டு வரணும். இந்த கணக்க வச்சுத்தான் கீழ எல்லாத்தையும் சொல்லியிருக்கேன். மலை இல்லையேன்னு ஏங்குற நேரத்துல வாரத்துக்கு ரெண்டு நாள் கூட ஓடிரலாம்.

1. மொதல்ல எந்த ரேஸ்னு முடிவு பண்ணுங்க

மாரத்தான் 42.195 கிலோமீட்டர், அதுக்கு மேல எது ஓடுனாலும் அல்ட்ரா. 50 கிலோமீட்டர், 80, 100, 161ன்னு வரும், தூரத்துக்கு பதிலா 12 மணி நேரம், 24 மணி நேரம்னு நேரக் கணக்குல ஓடுறதும் உண்டு. தார் ரோட்டுலயே நடக்குற அல்ட்ராவும் இருக்கு, தென்னாப்பிரிக்காவுல 1921ல ஆரம்பிச்ச காம்ரேட்ஸ் சுமார் 90 கிலோமீட்டர், முழுக்க ரோடுதான், 12 மணி நேரத்துக்குள்ள முடிச்சாகணும். இன்னொரு கோடியில ஃபிரான்ஸ் பக்கம் மோன் பிளாங்க் மலைய சுத்தி வர்ற யூடிஎம்பி, சுமார் 170 கிலோமீட்டர், ஏத்தம் மட்டும் 10,000 மீட்டர். நம்ம நாட்டுல லடாக்ல கர்துங் லா சேலஞ்ச் 72 கிலோமீட்டர், அது உயரத்துல மூச்சு வாங்குற ஆட்டம், மொத ரேஸா அத எடுக்காதீங்க. நமக்கு எட்டுற தூரத்துல கர்நாடகாவுல காப்பி தோட்டங்களுக்குள்ள நடக்குற மலநாடு அல்ட்ரா இருக்கு, கேரளாவுல வாகமண் இருக்கு.

ரேஸ் பேஜ்ல தூரத்த மட்டும் பாத்துட்டு பணம் கட்டிராதீங்க, ஏத்தம் எவ்ளோன்னு பாருங்க. ட்ரெயில், அதாவது மலை, மண் பாதையில ஓடுற உலகத்துல ஒரு எளிய கணக்கு இருக்கு, ஒவ்வொரு 100 மீட்டர் ஏத்தத்துக்கும் ஒரு கிலோமீட்டர் கூட்டிக்கணும். 50 கிலோமீட்டர் ரேஸ்ல 2000 மீட்டர் ஏத்தம்னா அது உங்க காலுக்கு 70 கிலோமீட்டர். அப்பறம் கட்ஆஃப், அதாவது இதுக்குள்ள முடிக்கணும்னு குடுக்குற நேரக் கெடு. 50 கிலோமீட்டருக்கு 8 மணி நேரம் குடுத்தா கிலோமீட்டருக்கு 9 நிமிஷம் 36 செகண்டு, சமதளமா இருந்தா வேகமா நடந்து நடுநடுவுல ஓடுனாலே போதும். அதே கட்ஆஃப் 2000 மீட்டர் ஏத்தத்தோட வந்தா கதையே வேற.

மொத அல்ட்ராவுக்கு என் சிபாரிசு, ஏத்தம் கம்மியா இருக்குற 50, இல்லன்னா ஸ்டேடியத்துல நடக்குற 12 மணி நேர ஓட்டம். ஸ்டேடியம் போரடிக்கும்னு சொல்லுவாங்க, அடிக்கும்தான், ஆனா 400 மீட்டருக்கு ஒரு தடவ உங்க சாப்பாடும் தண்ணியும் கண்ணு முன்னாடி வந்து நிக்கும், எது வயித்துக்கு ஒத்துக்குதுன்னு கத்துக்க அத விட நல்ல இடம் இல்ல.

2. யாரு ஆரம்பிக்கலாம்

ஒரு ஹாஃப் மாரத்தான் நிதானமா முடிச்சவங்க யாரு வேணா ஆரம்பிக்கலாம். வேகம் தேவையில்ல. 40 வயசு தாண்டியிருந்தாலோ, சுகர் பிரஷர் இருந்தாலோ, வீட்ல யாருக்காவது சின்ன வயசுலயே ஹார்ட் பிரச்சனை வந்திருந்தாலோ டாக்டர்கிட்ட காட்டிட்டு வாங்க. எல்லாருமே, முக்கியமா பொண்ணுங்க, ஹீமோகுளோபினும் ஃபெரிட்டினும் ஒரு தடவ பாத்துருங்க, இரும்பு கம்மியா இருக்குறப்ப எவ்ளோ ட்ரெயினிங் பண்ணாலும் உடம்பு ஏறாது, சோம்பேறித்தனம்னு நம்மள நாமளே திட்டிக்கிட்டு இருப்போம்.

3. காலண்டர்: மேட்டூர் தண்ணிய பாத்து பிளான் பண்ணுங்க

இன்டர்நெட்ல கிடைக்குற பிளான் எல்லாம் குளிர் நாட்டுக்காரங்க அவங்க சீசனுக்கு எழுதுனது. நம்ம சீசன் வேற. வழக்கமா ஜூன் 12 மேட்டூர் திறப்பாங்க, ஜனவரி 28 மூடுவாங்க, நடுவுல அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் வடகிழக்கு பருவமழை. இதுக்குள்ள ட்ரெயினிங்க பொருத்தணும்.

எனக்கு பிடிச்ச ஏற்பாடு ஜனவரி கடைசி இல்ல பிப்ரவரில ரேஸ் வச்சுக்குறது. ஆகஸ்ட்ல ஆரம்பிச்சா 22, 24 வாரம் கிடைக்கும். ஆகஸ்ட், செப்டம்பர் அடித்தளம் போடுற மாசம், மெதுவா ஓடி ஓடி கிலோமீட்டர் சேக்குறது. அக்டோபர், நவம்பர் மழையில நாலு நாள் போனாலும் போவுது, அந்த நேரத்துல வீட்டுக்குள்ள பண்ற பலப் பயிற்சிய ஏத்திக்கலாம். பெரிய வாரங்கள் மார்கழில வந்து விழும், வருஷத்துலயே டெல்டாவுல ஓடுறதுக்கு சொகமான மாசம் அதுதான். ரேஸுக்கு முன்னாடி கொறைக்கிற ரெண்டு மூணு வாரம் பொங்கலோட சேந்து வரும், பொங்கலும் கரும்பும் சாப்பிட்டுட்டு கம்மியா ஓடுன்னா யாரு வேணாம்பாங்க.

செப்டம்பர், அக்டோபர் ரேஸ்னா ஏப்ரல், மே வெயில்லயே ஆரம்பிச்சாகணும். முடியாதுன்னு இல்ல, ஆனா மொத தடவைக்கு வேணாம்.

4. ஒரு வாரம் எப்படி இருக்கணும்

அஞ்சு நாள் ஓட்டம், ஒரு நாள் முழு ஓய்வு, ஒரு நாள் நடை. இந்த அஞ்சுல நாலு நாள் பக்கத்துல ஓடுறவர்கிட்ட முழு வாக்கியமா பேசிக்கிட்டே போற வேகத்துலதான் இருக்கணும். நம்மாளுங்க பெரும்பாலும் தப்பு பண்றது இங்கதான், வாட்ச்ல கிலோமீட்டருக்கு ஆறு நிமிஷம்னு காட்டணும்ங்கிறதுக்காக தினமும் மூச்சு வாங்க ஓடுவாங்க, சனிக்கிழமை லாங் ரன் வர்றப்ப கால் செத்துப் போயிருக்கும்.

செவ்வாய் ஒரு மணி நேரம் ஈஸி. புதன் பாலத்துலயோ ட்ரெட்மில்லுலயோ ஏத்தப் பயிற்சி. வியாழன் 75ல இருந்து 90 நிமிஷம். சனி லாங் ரன், ரெண்டு மணி நேரத்துல ஆரம்பிச்சு மாசக்கணக்குல அஞ்சு மணி நேரம் வரைக்கும் போகணும். ஞாயிறு சனிக்கிழமை களைப்போடயே ஒண்ணரை, ரெண்டு மணி நேரம். இந்த சனி ஞாயிறு சேத்து ஓடுறதுதான் அல்ட்ரா ட்ரெயினிங்கோட உயிர்நாடி, ஒரே நாள்ல 50 ஓடி ஒடம்ப கெடுத்துக்காம களைச்ச கால்ல ஓடுற பழக்கம் இதுல வந்துரும். மூணு வாரம் ஏத்துனா நாலாவது வாரம் மூணுல ஒரு பங்கு கொறைங்க. 50 கிலோமீட்டர் ரேஸுக்கு உச்ச வாரம் 60, 70 கிலோமீட்டர் போதும், ஒரே ஓட்டமா 35, 38க்கு மேல போக வேண்டியதில்ல.

பலப் பயிற்சி வாரம் ரெண்டு தடவ, 25 நிமிஷம். ஸ்குவாட் (உக்காந்து எந்திரிக்கிறது), லஞ்ச் (ஒரு கால முன்னால வச்சு முட்டிய மடக்கி இறங்குறது), ஒத்தக்கால் குதிகால் தூக்குறது, பிளாங்க் (முழங்கைய ஊனி உடம்ப நேரா நிறுத்துறது). ஜிம் வேணாம், 10 கிலோ அரிசி மூட்டைய பையில போட்டு முதுகுல மாட்டிக்கிட்டா போதும்.

5. எங்க ஓடுறது

ஆத்தங்கரை. வேற என்ன வேணும். கல்லணையில காவிரி, வெண்ணாறு, புது ஆறு, கொள்ளிடம்னு பிரிஞ்சு, கீழ போகப் போக குடமுருட்டி, வெட்டாறு, அரசலாறுன்னு கிளைச்சுக்கிட்டே போவுது, ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு பக்கமும் கரை, நிறைய இடத்துல மண் கரை. கிலோமீட்டர் கணக்குல வண்டித் தொந்தரவு இல்லாம ஓடலாம், பாதி தூரம் மரநிழலும் கிடைக்கும்.

ஆனா ஒவ்வொரு சீசனுக்கும் கரை வேற மாதிரி. மாசில இருந்து வைகாசி வரைக்கும் காஞ்சு இறுகி சிமெண்டு மாதிரி கெடக்கும், வண்டித் தடம் காஞ்சு போன பள்ளத்துல கணுக்கால் மடங்குறது அப்பத்தான். மழைக்காலத்துல அதே மண்ணு களியாயிரும், பத்து அடி வைக்குறதுக்குள்ள ஷூ அடியில ஒட்டிக்கிட்டு கால் கனத்துப் போயிரும். அப்ப ஓடாதீங்க, ஓரத்துல இருக்குற புல்லு மேல நடங்க, ஒரு குச்சிய கையில வச்சுக்கிட்டு அப்பப்ப நின்னு வழிச்சு விடுங்க. எரிச்சலாத்தான் இருக்கும், ஆனா மலநாடு பக்கம் மழையில ரேஸ் மாட்டுச்சுன்னா பெங்களூர் பார்க்ல ஓடி பழகுனவங்க வழுக்கிக்கிட்டு இருக்குறப்ப நீங்க பாட்டுக்கு போயிக்கிட்டு இருப்பீங்க.

ட்ரெயில்ல கால் வைக்குற நுணுக்கத்த வீடியோவுல தேடுறதுக்கு முன்னாடி நடவு நேரத்துல வரப்புல நாத்துக்கட்டு தூக்கிட்டு போற அக்காங்கள கொஞ்ச நேரம் நின்னு பாருங்க. வரப்பு ஒரு அடி அகலம்கூட இருக்காது, ஈரம், ரெண்டு பக்கமும் சேறு. அடிய சின்னச் சின்னதா வைப்பாங்க, முட்டி லேசா மடங்கியே இருக்கும், குதிகால ஊனி நிறுத்தவே மாட்டாங்க, கண்ணு காலுக்கு கீழ இருக்காது ரெண்டு மூணு அடி முன்னால இருக்கும், வழுக்குனாக்கூட அடுத்த அடி அதுக்குள்ள விழுந்திருக்கும். மலையில இறங்குறதுக்கு கோச்சுங்க சொல்லித்தர்றது எல்லாமே இதுக்குள்ள அடங்கிருச்சு. நீங்களும் காலியா இருக்குற வரப்புல வாரம் ஒரு பத்து நிமிஷம் மெதுவா ஓடிப் பாருங்க. நட்ட வயல் வரப்புல மட்டும் வேணாம், வரப்பு ஒடஞ்சா ஏச்சு உங்களுக்கு மட்டும் இல்ல, அடுத்து வர்ற ஓட்டக்காரனுக்கும் சேத்துதான் விழும்.

மணல் வேணும்னா கோடையில ஆத்து மணல் இருக்கு, கெண்டைக்காலுக்கு அத விட பயிற்சி கிடையாது, ஆரம்பத்துல 15 நிமிஷத்துக்கு மேல வேணாம், குதிகால் நரம்பு புடிச்சுக்கும். மணல் அள்ளுன குழிங்கள பாத்து ஓடுங்க. கொள்ளிடத்துல தண்ணி வருதுன்னு எச்சரிக்கை குடுத்துட்டா அந்த பக்கமே போகாதீங்க, வெள்ள நேரத்துல மிச்ச தண்ணி மொத்தமும் அங்கதான் திருப்பி விடுவாங்க.

முள்ளப் பத்தி தனியா சொல்லணும். சீமைக்கருவேல முள்ளு ஓட்டக்காரனோட ஷூ அடிய சர்வசாதாரணமா குத்திட்டு உள்ள வரும், அதுவும் மெத்து மெத்துன்னு இருக்குற ரோடு ஷூன்னா வெண்ணெய்தான். கரையில ஓடுறதுக்கு அடி கொஞ்சம் கெட்டியா, 4 மில்லிமீட்டர் பல்லு இருக்குற ட்ரெயில் ஷூ வாங்கிக்குங்க. ஓடி முடிச்சதும் அடிய தடவிப் பாத்து முள்ள புடுங்கிப் போடுங்க, விட்டா அடுத்த ஓட்டத்துல உள்ள ஏறும். டெட்டனஸ் ஊசி போட்டு எத்தன வருஷம் ஆச்சுன்னு யோசிச்சுப் பாருங்க.

பாம்பு: அறுவடை நேரத்துல எலிக்காக வரும், கண்ணாடி விரியனும் கட்டு விரியனும் நல்ல பாம்பும் நம்ம வயக்காட்டு ஆளுங்கதான். இருட்டுல தலையில டார்ச் இல்லாம கரையில கால் வைக்காதீங்க, ஃபோன் லைட் பத்தாது. கடிச்சிருச்சுன்னா கீறுறது, உறியிறது, இறுக்கிக் கட்டுறது எதுவும் கூடாது, ஓடவும் கூடாது, கால அசைக்காம 108 கூப்பிட்டு விஷமுறிவு ஊசி இருக்குற அரசு ஆஸ்பத்திரிக்கு போங்க. நாய்க்கு ஓடாதீங்க, நின்னு நடங்க. இடி மின்னல் நேரத்துல வெட்ட வெளியிலயும் நிக்கக் கூடாது, தனியா நிக்கிற பனைமரத்தடியிலயும் நிக்கக் கூடாது, பக்கத்துல இருக்குற கட்டடத்துக்குள்ள போயிருங்க. மார்கழி பனியில ரோட்டுக்கு வர்றப்ப மின்னுற ஜாக்கெட் போட்டுக்குங்க, அறுவடை மிஷினும் நெல்லு லாரியும் வர்ற நேரம் அது. பொண்ணுங்க விடிகாலையில தனியா கரைக்கு போகாம ரெண்டு மூணு பேரா சேந்து போறது நல்லது, இத சொல்ல எனக்கே கடுப்பாத்தான் இருக்கு, ஆனா நெலமை அப்படி.

6. வெயிலும் புழுக்கமும்

1974ல கலிஃபோர்னியாவுல கார்டி ஐன்ஸ்லின்னு ஒருத்தர் 100 மைல் குதிரைப் பந்தயத்துல குதிரை இல்லாம ஓடியே 24 மணி நேரத்துக்குள்ள முடிச்சாரு, அதுல இருந்து வந்ததுதான் வெஸ்டர்ன் ஸ்டேட்ஸ் ரேஸ். அந்த ரேஸ் போற பள்ளத்தாக்கு வெயிலுக்கு பழகணும்னு இன்னைக்கும் வெளிநாட்டு ஓட்டக்காரங்க காசு குடுத்து ஆவி அறையில உக்காருறாங்க. நமக்கு சித்திரை வைகாசி அந்த அறைய ஊர் பூரா தொறந்து வச்சிருக்கு.

உடம்பு வெயிலுக்கு பழக 10ல இருந்து 14 நாள் ஆகும். ரத்தத்துல நீர்ச்சத்து கூடும், வேர்வை சீக்கிரம் வரும், அதுல போற உப்பு கொறையும். விட்டுட்டா ரெண்டு மூணு வாரத்துல பாதிக்கு மேல கரைஞ்சிரும். பழகுறதுக்கு உச்சி வெயில்ல ஓட வேணாம், காலையில எட்டு மணிக்கு முடியுற மாதிரி ஈஸியா 40, 60 நிமிஷம் தினமும் போனா போதும். கத்திரி நேரத்துல அதுவும் கொஞ்சம் முன்னாடியே முடிச்சிருங்க. நம்ம ஊர் பிரச்சனை வெயில விட புழுக்கம்தான், வேர்வை காயாம சொட்டிக்கிட்டே போகும், காயலன்னா உடம்பு குளிராது. அதனால அந்த மாசங்கள்ல வாட்ச்ல வேகத்த பாக்காதீங்க, மூச்ச பாருங்க.

வேர்வை கணக்கு போடுறது ரொம்ப சுலபம். ஓடுறதுக்கு முன்னாடி துணி இல்லாம எடை பாருங்க, ஒரு மணி நேரம் ஓடிட்டு துடைச்சிட்டு மறுபடி பாருங்க. 62 கிலோ 61.2 ஆயிருச்சு, நடுவுல 400 மில்லி குடிச்சீங்கன்னா உங்க வேர்வை மணிக்கு 1.2 லிட்டர். அது மொத்தத்தையும் திருப்பி குடிக்கணும்னு இல்ல, வயிறும் ஏத்துக்காது, மணிக்கு 500ல இருந்து 800 மில்லி பெரும்பாலானவங்களுக்கு ஒத்துவரும். கொஞ்சம் எடை கொறைஞ்சா பரவாயில்ல. எடை கூடுனாத்தான் பயப்படணும், வெறும் தண்ணியவே மொடக்கு மொடக்குன்னு குடிச்சா ரத்தத்துல சோடியம் இறங்கிரும், விரல் வீங்கும், தலைவலி, வாந்தி, அப்பறம் பேச்சு கொழறும். உயிருக்கே ஆபத்து அது.

கூட ஓடுறவரு திடீர்னு தள்ளாடுறாரு, கேட்டதுக்கு சம்பந்தம் இல்லாம பேசுறாருன்னா வெப்ப பாதிப்புன்னு எடுத்துக்குங்க, வேர்வை வந்துக்கிட்டு இருந்தாக்கூட. ஆம்புலன்ஸ் கூப்பிட்டுட்டு அது வர்ற வரைக்கும் சும்மா நிக்காதீங்க, பம்புசெட் தொட்டி இருந்தா தலைய மேல தாங்கிப் பிடிச்சு கழுத்து வரைக்கும் தண்ணியில வைங்க, இல்லன்னா குடம் குடமா ஊத்துங்க. மொதல்ல குளிரணும், அப்பறம்தான் வண்டியில ஏத்தணும்.

7. ஓடிக்கிட்டே சாப்பிடுறது

50 கிலோமீட்டர்ல வெளிய போறவங்கள்ல நிறைய பேருக்கு கால் போறதில்ல, வயிறுதான் போவுது. மணிக்கு 30ல இருந்து 60 கிராம் மாவுச்சத்து உள்ள போகணும், பசிச்சப்பறம் இல்ல, மொத அரை மணி நேரத்துல இருந்தே. பழக்கப்படுத்துனா 90 வரைக்கும் போறவங்க இருக்காங்க, மொத ரேஸுக்கு 50 பிடிச்சா தாராளம்.

ஜெல் (ஓடுறப்ப உறிஞ்சுற இனிப்புக் கூழ் பாக்கெட்) வாங்கித்தான் ஆகணும்னு இல்ல. ஒரு வாழைப்பழம் 20, 25 கிராம். என் பையில எப்பவும் இருக்குறது பானக சமாச்சாரம்: அரை லிட்டர் தண்ணிக்கு 50 கிராம் வெல்லம், கால் டீஸ்பூன் உப்பு, துளி சுக்கு, எலுமிச்சை. இதுல கிட்டத்தட்ட 45 கிராம் மாவுச்சத்தும் 500 மில்லிகிராமுக்கு மேல சோடியமும் வந்துருது, கடையில டப்பாவுல விக்கிற பவுடரும் கிட்டத்தட்ட இதே வேலையத்தான் செய்யுது. கரைச்சு வச்சா வெயில்ல சில மணி நேரத்துல புளிச்சு பொங்கிரும், அதனால வெல்லத்த பொடிச்சு உப்பு சேத்து சின்ன சின்ன பாக்கெட்டா கட்டிக்கிட்டு போங்க, தண்ணி கிடைக்குற இடத்துல கலக்கிக்கலாம். வெல்லத்த மொதல்ல வீட்ல கரைச்சு வடிகட்டி பாருங்க, மண்ணு இருக்குற வெல்லம்னா வாய் நரநரன்னு இருக்கும்.

மூணு மணி நேரத்துக்கு மேல இனிப்பு திகட்டிரும், கண்ணுல பாத்தாலே கொமட்டும். அப்பத்தான் உப்பும் புளிப்பும் வேணும். நெல்லிக்காய் அளவுக்கு உருட்டுன புளியோதரை, எண்ணெயும் மிளகாயும் கம்மியா போட்டது, எனக்கு தெரிஞ்சு நிறைய பேர கடைசி 15 கிலோமீட்டர் கூட்டிட்டு போயிருக்கு. உப்பு போட்ட மோர், நீராகாரம், ரெண்டும் நல்லது. கடலை மிட்டாய் மொத பாதியில ஓகே, அப்பறம் வாய் காஞ்சு போனா மெல்ல முடியாது, கொழுப்பு வேற இருக்கு, லேட்டாத்தான் செரிக்கும். இளநீர எல்லாரும் அமிர்தம்னு நினைக்கிறாங்க, அதுல பொட்டாசியம் நிறைய, சோடியம் கம்மி, வேர்வையில போறதோ சோடியம். குடிங்க, ஆனா ஒரு சிட்டிகை உப்பு போட்டு குடிங்க.

ஓஆர்எஸ் பாக்கெட்டுல குழம்பிக்காதீங்க. உலக சுகாதார நிறுவன ஃபார்முலான்னு போட்டிருக்குற பாக்கெட்ட ஒரு லிட்டர்ல கலக்குனா சோடியம் 1700 மில்லிகிராம் சொச்சம், குளுக்கோஸ் வெறும் 13.5 கிராம். உப்புக்கு நல்லது, சக்திக்கு பத்தாது, அத நம்பி சாப்பாட்ட விட்டுராதீங்க.

எதுவா இருந்தாலும் சனிக்கிழமை லாங் ரன்ல சாப்பிட்டு பழகுனத மட்டும்தான் ரேஸ்ல சாப்பிடணும். வயிறும் ட்ரெயினிங் எடுத்துக்கும், ஆறேழு வாரத்துல வித்தியாசம் தெரியும்.

வலி மாத்திரை வேணாம். ஓடுறப்ப புரூஃபென், டைக்ளோஃபெனாக் வகை மாத்திரை போட்டா, ஏற்கெனவே தண்ணி கம்மியாகி தசை உடஞ்சு திணறிக்கிட்டு இருக்குற கிட்னிக்கு இன்னும் ரத்தம் கொறையும். வலி தாங்கலன்னா நடங்க, அதுவும் முடியலன்னா நில்லுங்க.

8. ஏத்தம் இங்க, இறக்கம் வெளிய

தஞ்சாவூர்ல இருந்து திருவையாறு போற வழியில வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரின்னு அஞ்சு ஆத்தத் தாண்டணும். ஞாயித்துக்கிழமை விடிகாலையில அந்தப் பாலங்கள மட்டும் அழுத்தி ஏறி, மிச்சத்த மெதுவா ஓடுனா நல்ல பயிற்சி, வண்டி ஓட்டம் ஆரம்பிக்கறதுக்குள்ள முடிச்சிருங்க. ஊர்ல ரயில்வே மேம்பாலம் இருந்தா பத்து தடவ ஏறி இறங்கலாம். ஜிம் ட்ரெட்மில்ல 12, 15 சதவீதம் சாய்வு வச்சு 40 நிமிஷம் நடக்குறது இன்னும் மேல. மலை ரேஸ்ல பெரிய ஏத்தத்த யாரும் ஓடுறதில்ல, கைய தொடையில ஊனி வேகமா நடக்குறதுதான், அதனால நடைய ட்ரெயினிங்கா எடுத்துக்குங்க, அவமானமா எடுத்துக்காதீங்க.

குளித்தலை பக்கம் அய்யர்மலை இருக்கு, 1017 படி. கோயில்ங்கிறத மறக்காம, கூட்டம் இல்லாத நாள்ல, சாமி கும்புட போறவங்களோட போறவரா ஏறுங்க, இறங்குறப்ப பொறுமையா.

இறக்கத்துக்கு வருவோம். இறங்குறப்ப தொடைத் தசை நீண்டுக்கிட்டே பிரேக் போடுது, அதுலதான் நார் கிழியும். சமதளத்துல வாரம் 100 கிலோமீட்டர் ஓடுறவரும் மொத பெரிய இறக்கத்துக்கு அப்பறம் ரெண்டு நாள் படி இறங்க முடியாம கைப்பிடிய புடிச்சுக்கிட்டு பக்கவாட்டுல இறங்குவாரு. நல்ல சேதி என்னன்னா, ஒரு தடவ அந்த அடி வாங்கிட்டா தசை நினைவு வச்சுக்கும், அடுத்த சில வாரத்துக்கு அதே இறக்கம் பாதி வலிதான் தரும். அதனால மாசாமாசம் மலைக்கு போக வேண்டியதில்ல, ரேஸுக்கு ஆறு வாரம் முன்னாடி ஒண்ணு, மூணு வாரம் முன்னாடி ஒண்ணு, ரெண்டு பயணம் போதும். துறையூர் வழியா பச்சமலை கிட்டக்க இருக்கு, கொல்லிமலையில 70 கொண்டை ஊசி வளைவு, அங்க ஆகாய கங்கைக்கு இறங்குற படியே ஆயிரத்துக்கு மேல. வளைவுல பஸ்ஸுக்கு எதிர்பக்கமா, காதுல பாட்டு இல்லாம ஓடுங்க. காட்டுப் பாதைன்னா வனத்துறைகிட்ட கேட்டுட்டு போங்க.

வீட்டுல: மாடிப்படி கடைசிப் படியில நின்னு ஒத்தக்கால்ல மூணு நாலு செகண்டு எடுத்து மெதுவா கீழ இறங்குங்க, காலுக்கு 12, மூணு தடவ.

9. பாதம்

ஆகஸ்ட் கடைசில வேளாங்கண்ணி நடைபயணம் போறவங்கள ரோட்டோரம் பாத்திருப்பீங்க. நாள்கணக்கா நடக்குறாங்க, பாதி பேரு செருப்பில்லாம. பந்தல்ல உக்காந்து ஒரு பெரியவரு ஊசியில நூல் கோத்து கொப்புளத்துக்குள்ள விட்டு, நூல அப்படியே தொங்க விட்டுட்டு நடப்பாரு, தண்ணி வடிஞ்சுக்கிட்டே இருக்கணும்னு. யோசனை சரிதான், தண்ணி வடிஞ்சா வலி கொறையும், ஆனா நூலு வழியா அழுக்கும் உள்ள போகும். நீங்க ஊசிய ஸ்பிரிட்டுல தொடைச்சு ஓரத்துல ரெண்டு ஓட்டை போட்டு, அமுக்கி வடிய விட்டு, தோல உரிக்காம மேல டேப் ஒட்டிருங்க.

அது வராம பாத்துக்கறதுதான் புத்திசாலித்தனம். நகத்த ரேஸுக்கு மூணு நாள் முன்னாடி வெட்டுங்க. ஷூ அரை சைஸ் பெருசா இருக்கட்டும், மணிக்கணக்குல ஓடுனா பாதம் வீங்கும். பருத்தி சாக்ஸ் வேணாம், ஈரத்த புடிச்சு வச்சுக்கும். தொடையிடுக்கு, அக்குள், மார்க்காம்புல வாசலின் தாராளமா தடவுங்க, தேங்காண்ணெய் ரெண்டு மணி நேரத்துல வேர்வையோட போயிரும். பாதத்துல எங்கயாவது சூடு தெரிஞ்ச உடனே நின்னு டேப் ஒட்டுங்க, அஞ்சு நிமிஷம் போகுதேன்னு பாத்தா அஞ்சு மணி நேரம் நொண்டணும்.

10. ரேஸ் அன்னைக்கு

ஆரம்பத்துல எல்லாரும் உங்கள தாண்டிப் போவாங்க, போகட்டும். மொத மூணுல ஒரு பங்கு தூரம் "இவ்ளோ மெதுவாவா"ன்னு உங்களுக்கே வெக்கமா இருக்குற வேகத்துல போங்க. சமதள ரேஸ்னா மொதல்ல இருந்தே 8 நிமிஷம் ஓட்டம், 2 நிமிஷம் நடை. கிலோமீட்டருக்கு 7 நிமிஷ ஓட்டமும் 10 நிமிஷ நடையும் கலந்தா சராசரி ஏழரைக்குள்ள வந்துரும், நடந்ததால ஒண்ணும் குடி முழுகிரல. மலைன்னா மேட்டுல நடை, சமதளத்துல ஓட்டம், இறக்கத்துல சின்ன சின்ன வேகமான அடி.

தண்ணி குடுக்குற இடத்துல நாற்காலி இருக்கும், உக்காராதீங்க. வர்றதுக்கு முன்னாடியே என்ன வேணும்னு மனசுல சொல்லிக்கிட்டே வாங்க, பாட்டில் நிரப்பு, ரெண்டு பழம், உப்பு, கிளம்பு, மூணு நிமிஷம். ஒவ்வொரு இடத்துலயும் பத்து நிமிஷம் அரட்டை அடிச்சா ஆறு இடத்துல ஒரு மணி நேரம் போச்சு, கட்ஆஃப்ல வெளிய போறவங்க பல பேரு இப்படித்தான் போறாங்க. ஹெட்லைட், விசில், மழைக்கோட்டுன்னு கட்டாய லிஸ்ட்ல போட்டிருந்தா எல்லாத்தையும் எடுத்துட்டு போங்க, நம்ம ஊர் ஆளுங்களுக்கு மலைக் குளிர் தெரியாது, வேர்வையில நனஞ்ச பனியனோட ராத்திரி காத்துல நின்னா பத்து நிமிஷத்துல பல்லு தந்தியடிக்கும். மழைக்காட்டுல அட்டை ஏறும், பதறாதீங்க, நகத்தால ஓரத்துல நெம்பி எடுத்துட்டு ஓடுங்க.

வாந்தி வந்தா ரேஸ் முடிஞ்சுதுன்னு அர்த்தம் இல்ல. அரை மணி நேரம் மெதுவா நடங்க, வாய் மட்டும் நனைச்சுக்குங்க, அப்பறம் ரெண்டு மடக்கு மோர், அப்பறம் பாதி பழம். தெம்பு திரும்ப வந்துரும். ஆனா தலை சுத்தி எங்க இருக்கோம்னே தெரியலன்னாலோ, நெஞ்சு வலிச்சாலோ, எலும்புல ஒரே புள்ளியில குத்துனாலோ நிறுத்திருங்க.

11. முடிச்சப்பறம்

மொத வேலை உக்காந்துக்கிட்டு சோறு, உப்பு, தண்ணி. அன்னைக்கும் மறுநாளும் மூத்திரத்தோட கலர பாருங்க, டிக்காஷன் மாதிரி கருப்பா போனாலோ, பல மணி நேரம் போகாமலே இருந்தாலோ தசை உடஞ்சு கிட்னிய அடைக்குதுன்னு அர்த்தமா இருக்கலாம், தூங்கி எந்திரிச்சு பாத்துக்கலாம்னு இருக்காம உடனே ஆஸ்பத்திரி போங்க, அல்ட்ரா ஓடுனேன்னு டாக்டர்கிட்ட சொல்லுங்க. தானே கார் ஓட்டிக்கிட்டு ஊருக்கு திரும்பாதீங்க, ராத்திரி முழுக்க முழிச்சிருந்த ஆளு ஸ்டியரிங் பிடிக்கக் கூடாது, ஒரு ஃப்ரெண்ட கூட்டிட்டு போங்க இல்ல பஸ்ஸுல வாங்க.

மொத வாரம் நடை மட்டும். ரெண்டாவது வாரம் 20, 30 நிமிஷம் ஈஸியா ஆத்தங்கரையில, படி இறங்குறப்ப தொடை வலிச்சா அதுவும் வேணாம். பழைய கிலோமீட்டருக்கு திரும்ப நாலு வாரம் ஆகும், மூணாவது நாளே உடம்பு நல்லா இருக்குற மாதிரி தோணும், அத நம்பி அடுத்த ரேஸுக்கு பணம் கட்டிராதீங்க.